நாரிப்பிடிப்பும் குளிர்ந்த வீடும்

(வடமேற்கு லண்டனில், தமிழ் முதியோருக்கான குளிர்காலக் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுகு நோவைப் பற்றி ஒரு நாளும் வீட்டு ஹீற்றிங்கைப் பற்றி இன்னொரு நாளுமாக இரண்டு பேச்சுகள் வைப்பதென்றுதான் ஏற்பாட்டாளர்கள் முதலில் நினைத்திருந்தார்கள். இரண்டையும் ஒன்றாகவே பேச விடுங்கள் என்று கேட்டவள் நான். இந்த நகரத்தில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலம் முழுவதும், நொவெம்பர் பிறந்துவிட்டால் நம்மவர்களிடம் நான் முதலில் கேட்டது "எங்கே நோகுது?" என்பது. அடுத்துக் கேட்டது "பகலில் எந்த அறையில் இருக்கிறீர்கள், அந்த அறை சூடா?" என்பது. பல பேருக்குச் சிகிச்சை அந்த இரண்டாவது பதிலில் இருந்துதான் தொடங்கியது.

வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். ஓர் அம்மா குனிந்து எதையோ எடுக்கிறார், நாரி பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். தன் ஒருத்திக்காக முழு வீட்டுக்கும் காஸ் எரிப்பதா என்று அவர் ஹீற்றிங்கை நிற்பாட்டுகிறார். வீடு குளிர்கிறது. போர்வைக்குள் புகுந்தவர் பின்னேரம் வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை. பிள்ளைகள் திரும்பி வரும்போது அவரால் எழும்பவே முடியவில்லை. "காலமையிலும் பார்க்க இப்ப கூடிப்போச்சு" என்கிறார். காலையில் குனிந்ததால் கூடவில்லை. பகல் முழுதும் அசையாமல் கிடந்ததால் கூடியது. அவரை அசையாமல் கிடக்க வைத்தது குளிர்.

முதுகுக்கு மருந்து நடமாட்டம். நடமாட அறை சூடாக இருக்கவேண்டும். அதனால் ஹீற்றிங்கைச் சரியாக வைத்திருப்பதும் முதுகு வைத்தியத்தில் சேர்த்தி. இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

"குளிர் நாரிக்குள் இறங்கிவிட்டது" என்று நம் வீடுகளில் சொல்வோம். அது உண்மையா என்று அவுஸ்திரேலியாவில் சோதித்துப் பார்த்தார்கள். சிட்னியில் திடீர் நாரி நோவுடன் வைத்தியரிடம் போன 993 பேரை எடுத்துக்கொண்டு, நோ தொடங்கிய நாளின் வெப்பம், ஈரப்பதன், மழை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் ஒப்பிட்டு 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். வெப்பத்துக்கும் மழைக்கும் நோவுக்கும் தொடர்பு தெரியவில்லை. சிட்னிக் குளிர் லண்டன் குளிர் ஆகாதுதான். என்றாலும் குளிர்காற்று எலும்பையோ டிஸ்க்கையோ பழுதாக்குவதில்லை என்பதை நம்பிக்கொள்ளுங்கள். யன்னல் திறந்திருந்ததால் முதுகு கெட்டுப்போகவில்லை.

குளிர் கெடுக்கும் விதம் வேறு. தசை இறுகுகிறது, தோளை ஒடுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்துவிடுகிறோம், குசினிக்குப் போய் ஒரு தேத்தண்ணி வைக்கக்கூட மனம் வருவதில்லை. வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. குளிர்ந்த அறையில் இரத்த அழுத்தம் ஏறும். மாரடைப்பு, பக்கவாதம், நெஞ்சுச்சளி எல்லாம் இந்த நாட்டில் குளிர்காலத்தில் கூடுவதற்குக் குளிர்ந்த வீடும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீடமைப்பு வழிகாட்டியில், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. முதியவர்கள், நோயாளிகள் இருக்கும் வீட்டில் அதற்கு மேலும் தேவைப்படலாம். மலிவான வெப்பமானி ஒன்றை வாங்கி, பகலில் நீங்கள் இருக்கும் அறையில் வையுங்கள். "எனக்குக் குளிரவில்லை" என்று சொல்லும் அப்பாக்களை நான் நம்புவதில்லை. வயதாக ஆகக் குளிரை உணரும் தன்மையே குறைந்துவிடும். வெப்பமானி சொல்வதைக் கேளுங்கள்.

இனி முதுகுக்கு வருவோம்.

நாரி நோவுடன் வரும் நூறு பேரில் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்களுக்கு எலும்பு முறிவோ கட்டியோ கிருமியோ இருப்பதில்லை. தசை, மூட்டு, தசைநார் எங்கோ பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். நோ கடுமையாக இருக்கும், தும்மினாலே உயிர் போவது மாதிரி இருக்கும். ஆனால் நோவின் கடுமையை வைத்துக் கேட்டின் அளவைச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு கிழமைக்குள் நன்றாகத் தணிந்துவிடும்.

"ஸ்கானில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்று சொன்னார்கள்" என்று வருகிறவர்களின் முகத்தில் ஒரு பயம் இருக்கும். அந்தப் பயம் நோவைவிடக் கூடுதலாக அவர்களை முடக்கிப்போட்டிருக்கும். முதுகு நோவே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் ஸ்கான் முடிவுகளைத் திரட்டி 2015-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு நோவும் இல்லாத ஐம்பது வயதுக்காரரில் 80 வீதமானவர்களுக்கு டிஸ்க் தேய்வு தெரிந்தது. எண்பது வயதில் 96 வீதம். இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 வீதம். தலை நரைப்பது மாதிரி உள்ளேயும் ஒரு நரை. அதனால்தான் இங்கே ஜி.பி. எனப்படும் குடும்ப வைத்தியர் எடுத்த எடுப்பில் ஸ்கானுக்கு அனுப்புவதில்லை. நம்மை அலட்சியப்படுத்துகிறார்கள் என்று கோபிக்கவேண்டாம். ஸ்கான் எடுக்கவேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு காலத்தில் வைத்தியர்களே "இரண்டு கிழமை கட்டிலை விட்டு இறங்காதே" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கத்தைக் கைவிட வைத்த ஆய்வுகளில் ஒன்று பின்லாந்தில் நடந்தது. ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களில் திடீரென நாரி பிடித்தவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு பிரிவுக்கு முதுகுப் பயிற்சி, மற்றப் பிரிவுக்கு "நோ விடுகிற அளவுக்கு வழமையான வேலைகளைச் செய்" என்ற சொல் மட்டும். மூன்று கிழமையிலும் பன்னிரண்டு கிழமையிலும் பார்த்தபோது, வழமையான வேலைகளைச் செய்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். படுத்தவர்களே பின்தங்கியிருந்தார்கள். இது வெளிவந்தது 1995-இல். அதன் பிறகும் "அசையாதேங்கோ அம்மா, நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று நம் பிள்ளைகள் அன்பாகச் சொல்கிறார்கள். அன்பு இருக்கட்டும். அம்மாவை எழுப்பிவிடுங்கள்.

நாரி பிடித்த காலையில் கட்டிலிலிருந்து எப்படி எழும்புவது? மல்லாந்து கிடந்தபடி தலையைத் தூக்கி நேராக எழும்பப் பார்க்கவேண்டாம். அதில்தான் மின்னல் வெட்டும். முதலில் இரண்டு முழங்காலையும் மடியுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி கட்டிலின் ஓரப்பக்கம் உருளுங்கள். கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு வெளியே தொங்க விடுங்கள். கால் இறங்க இறங்க, மேலே இருக்கும் கையின் உள்ளங்கையை மெத்தையில் ஊன்றித் தள்ளினால் உடம்பு தானாக நிமிர்ந்து இருக்கும். அப்படியே கொஞ்ச நேரம் இருந்து மூச்சு விடுங்கள், மூச்சை அடக்காதீர்கள். பிறகு பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலுக்கு மேலே வரும்வரை முன்னுக்குச் சாய்ந்து எழும்புங்கள். முதல் நாளில் அறையைச் சுற்றி ஒரு நடை. பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழும்பி இன்னொரு நடை. மாடிப்படி ஏறுவதற்கும் பயப்படவேண்டாம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள்.

"வெறுந்தரையில் படு" என்பது நம் ஊர் வைத்தியம். ஊரின் வெப்பத்தில் பாயில் படுத்தவருக்கு அது ஒத்துப்போயிருக்கும். ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேருக்குக் கடினமான மெத்தையும் நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் முடிவு வந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே நோ கூடுதலாகக் குறைந்தது. லண்டன் வீட்டில் தை மாதத் தரை குளிரில் விறைத்துக் கிடக்கும். அதிலிருந்து எழும்புவதே எழுபது வயதில் ஒரு பெரும்பாடு. தரையில் படுக்கவேண்டாம்.

குளிசைகளைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் எதற்கும் பனடோல்தான். அவுஸ்திரேலியாவில் 1,600-க்கு மேற்பட்டவர்களிடம் அதிலுள்ள பரசிட்டமோலைச் சோதித்து 2014-இல் சொன்ன முடிவு: திடீர் நாரி நோ குணமாகும் வேகத்தை அது வெற்றுக் குளிசையைவிடக் கூட்டவில்லை. 2016-இல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டியும் அதை மட்டும் தனியாகக் கொடுக்கவேண்டாம் என்றது. ஐபுப்ரோஃபென் வகை மருந்து சிலருக்கு உதவும். ஆனால் சிறுநீரகக் குறைபாடு, வயிற்றுப் புண், இருதய நோய் உள்ளவர்களும், இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர்களும் ஃபார்மசிக்காரரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. பக்கத்து வீட்டு அன்ரியின் குளிசையைக் கடன் வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். இடுப்புப் பட்டியையும் அதே வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை, அந்தக் காசு மிச்சம்.

சூடு உதவும். புதிதாகப் பிடித்த நோவுக்குச் சூட்டு ஒத்தடம் தற்காலிகமாக நோவைக் குறைத்து அசைவை இலகுவாக்குகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. ஒத்தடம் கொடுத்து, நோ தணிந்த அந்த நேரத்தில் எழும்பி நடப்பதுதான் அதன் பயன். சூட்டை வைத்துக்கொண்டு தொடர்ந்து படுத்திருந்தால் பலனில் பாதி வீண். சுடுதண்ணிப் போத்தலைக் கையாள்வதிலும் கவனம் தேவை. கொதித்த தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆற விடுங்கள். முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். துவாயால் சுற்றாமல் தோலில் வைக்காதீர்கள். போத்தலின் கழுத்துப் பக்கம் ஒரு பூ வடிவம் பதித்திருக்கும், நடுவில் இருக்கும் எண் அது செய்யப்பட்ட ஆண்டு. இரண்டு வருடம் பாவித்ததும் மாற்றிவிடுங்கள். பழைய ரப்பர் வெடித்து முதுகு வெந்தவர்கள் வைத்தியசாலைக்கு வருவது உண்மை. தைலம் பூசிய இடத்தில் போத்தலை வைக்கவே கூடாது, தோல் பொசுங்கிவிடும். சலரோகத்தால் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சூடு சுட்டாலும் தெரியாது. அவர்கள் கையால் சோதித்து, குறுகிய நேரம் மட்டும் வைக்கட்டும்.

எண்ணெய் தடவுவதை நான் தடுப்பதில்லை, இதமாகத் தடவினால் உடம்பு இளகும். மிதித்து நெட்டி முறிக்கும் வேலை வேண்டாம். எண்ணெய்க் காலுடன் குளியலறை ஓடுகளில் நடப்பதும் வேண்டாம். அந்த வழுக்கலில் இடுப்பு முறிந்தால் அது வேறு கதையாகிவிடும்.

நோ தணிந்த பிறகு அது திரும்பி வராமல் பார்ப்பதற்கு என்ன வழி என்ற கேள்விக்கு அண்மையில் அருமையான ஒரு விடை கிடைத்தது. நாரி நோவிலிருந்து மீண்ட 701 பேரிடம் அவுஸ்திரேலியாவில் செய்து 2024-இல் வெளியிட்ட ஆய்வு அது. பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டலுடன், கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிட நடையை நோக்கி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போனவர்களுக்கு நோ திரும்ப வர எடுத்த இடைக்காலம் நடுவாக 208 நாள். அந்த நடைத்திட்டம் இல்லாதவர்களுக்கு 112 நாள். செலவில்லாத வைத்தியம். மழை, பனி, இருட்டு என்று காரணம் சொல்வோம். நல்லது, பெரிய கடைத்தொகுதிக்குள் நடவுங்கள். அங்கே சூடும் உண்டு, வெளிச்சமும் உண்டு, வழுக்காத தரையும் உண்டு. கடையில் நின்று வேலை செய்கிறவர்கள், பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை செய்கிறவர்கள், அரிசி மூட்டை தூக்குகிறவர்கள் "நாங்கள் நாள் முழுக்க நடக்கிறோம்தானே" என்பார்கள். வேலை அலைச்சல் வேறு, கையை வீசிக்கொண்டு நடக்கும் நடை வேறு. மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், இருபது கிலோவைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஆனால் இனி வாழ்நாளில் குனியவே கூடாது என்று தீர்மானம் எடுக்காதீர்கள். குனிவதற்காகவே படைத்த முதுகு இது.

இப்போது பொறுக்கக்கூடாத நோவுகள். இதைக் கவனமாகக் கேளுங்கள். நாரி நோவுடன், சலம் போவது தடைப்பட்டாலோ, தெரியாமல் போனாலோ, மலத்தை அடக்க முடியாமல் போனாலோ, சைக்கிள் சீற்றில் படும் இடத்தில், அதாவது பிறப்புறுப்பையும் மலவாயையும் சுற்றி, மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முள்ளந்தண்டின் கீழே குதிரைவால் போல் இறங்கும் நரம்புக் கற்றை நெரிபட்டால் இப்படி வரும். மணித்தியாலக் கணக்கில் பார்க்கவேண்டிய விஷயம் இது. தாமதித்தால் சலத்தின் கட்டுப்பாடு வாழ்நாளுக்கும் திரும்பாமல் போகலாம். "வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை" என்ற வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் வெட்கப்பட வேண்டிய இடம் அது அல்ல. அங்கே இருக்கும் டொக்டர் தினமும் கேட்கும் கேள்வி அது.

காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் மெலிவு, படுத்தாலும் குறையாத இரவு நோ, முன்பு புற்றுநோய் வந்திருத்தல், ஸ்டெரொயிட் குளிசையை நீண்டகாலம் எடுத்திருத்தல், விழுந்தபின் வந்த நோ இவை இருந்தால் ஜி.பி.யிடம் தாமதிக்காமல் சொல்லுங்கள். தெற்காசியாவிலிருந்து வந்த நமக்கு முள்ளந்தண்டில் காசநோய் வருவதும் உண்டு. இருமலே இல்லாமலும் வரும். நாற்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் யாருக்காவது காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடக்க நடக்கக் குறைந்தால், அதுவும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், அது வேறு வகை அழற்சி நோயாக இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நம் நிறத்தவருக்கென்று ஒன்றைச் சொல்லாமல் போகமாட்டேன். கறுத்த தோலுக்கு இங்குள்ள வெயிலில் வைட்டமின் டி போதிய அளவு ஊறுவதில்லை. அது நன்றாகக் குறைந்தால் எலும்பு மெலிந்து, முதுகும் இடுப்பும் தொடையும் உளைந்துகொண்டே இருக்கும், தசையும் சோரும். நம் தோலுள்ளவர்கள் வருடம் முழுதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கும்படி தேசிய சுகாதார சேவை சொல்கிறது. டப்பாவில் 400 ஐ.யு. என்று போட்டிருப்பது அதேதான். வெளியில் அதிகம் போகாத அம்மாமாருக்கு இது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

சரி, ஹீற்றிங். இங்கே பெரும்பாலான வீடுகளில் காஸ் பொயிலர் தண்ணீரைச் சூடாக்குகிறது, பம்ப் அதை ரேடியேற்றர்களுக்கு அனுப்புகிறது, ஆறிய தண்ணீர் திரும்பி வருகிறது. இந்தச் சுற்றில் எங்கு தடங்கல் வந்தாலும் அறை குளிரும். தடங்கல்களில் பலதை ஆளைக் கூப்பிடாமலே நீங்கள் சரிசெய்யலாம். பொயிலரின் மூடியைக் கழற்றுவது மட்டும் உங்கள் வேலை அல்ல. அதைத் தொடக்கூடியவர் காஸ் சேஃப் என்ற பதிவேட்டில் பெயருள்ளவர் மட்டும். படம் போட்ட அட்டை வைத்திருப்பார். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்று பின்பக்கம் இருக்கும். தெரிந்த தம்பி குறைந்த காசுக்குச் செய்து தருகிறேன் என்றாலும் அந்த அட்டையைக் கேளுங்கள்.

ரேடியேற்றரைத் தொட்டுப் பாருங்கள். கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. மேலே சூடாகவும் கீழே நடுவில் குளிராகவும் இருந்தால் கறள் சேறு படிந்திருக்கிறது; அதைக் கழுவ ஆள் வேண்டும். மற்றவை சூடாக இருக்க ஒன்று மட்டும் முற்றாகக் குளிர்ந்தால், பக்கத்தில் இருக்கும் இலக்கமிட்ட தலையைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிறு ஊசி ஒன்று அமுங்கியபடி இறுகியிருக்கும். மெல்ல அமத்தி விட்டால் பெரும்பாலும் மேலெழும்பும்.

காற்றை வெளியேற்றுவது இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. நாரி நோ உள்ளவர்களும் செய்யலாம், குந்தி இருக்கத் தேவையில்லை. ஹீற்றிங்கை நிற்பாட்டி ரேடியேற்றர் நன்றாக ஆற விடுங்கள். ஒரு கதிரையை அதன் மேல் மூலைக்குப் பக்கத்தில் போட்டு, முகத்தை அதற்கு நேரே வைத்து உட்காருங்கள். பக்கவாட்டில் முறுகிக்கொண்டு செய்யவேண்டாம். ஒரு கையில் பழைய துணியைக் கீழே பிடியுங்கள், வரும் தண்ணீர் கறுப்பாக இருக்கும், கம்பளத்தில் பட்டால் கறை போகாது. ரேடியேற்றர் திறப்பைச் சதுர முனையில் செருகி இடப்பக்கமாக அரைச் சுற்றுக்குள் திருப்புங்கள். சீறிக்கொண்டு காற்று வரும். சீற்றம் நின்று தண்ணீர் கசிந்ததும் இறுக்குங்கள். முற்றாகக் கழற்றிவிடாதீர்கள். வீட்டின் கீழ்த்தளத்தில் தொடங்கி மேல்தளத்துக்குப் போங்கள்.

காற்று போனதும் அழுத்தம் குறைந்திருக்கும். பொயிலரின் முகத்தில் இருக்கும் மானியைப் பாருங்கள்: ஆறியிருக்கும்போது 1-க்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே போனால் பல பொயிலர்கள் தாமாகவே நின்றுவிடும். "பொயிலர் செத்துப்போச்சு" என்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்களில் எத்தனையோ பேருக்கு நடந்தது இதுதான். பொயிலருக்குக் கீழே பின்னல் உருக்கு உறையுள்ள ஒரு குழாயும் இரண்டு சிறு வால்வுகளும் இருக்கும். சில பொயிலர்களில் ஒரு நெம்பு மட்டும். மெல்லத் திறந்து, முள் 1.2-ஐத் தாண்டியதும் இரண்டையும் மூடுங்கள். சூடானபோது 2 பாருக்குக் கிட்ட ஏறுவது வழமை. ஒவ்வொரு கிழமையும் குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது உள்ளே இருக்கும் விரிவுக் கலம் பழுது. அப்போது ஆளைக் கூப்பிடுங்கள்.

உறைபனி விழுந்த காலையில் பொயிலர் கொடகொடவென்று சத்தம் போட்டுவிட்டு நின்றால், வெளியே சுவரில் போகும் பிளாஸ்டிக் கழிவுக் குழாயைப் பாருங்கள். அதில் வடியும் தண்ணீர் உறைந்து அடைத்திருக்கும். நிலத்தில் நின்று எட்டக்கூடிய இடமாக இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் ஊற்றுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம், குழாய் வெடித்துவிடும். முதுகுக்கு வைத்த சுடுதண்ணிப் போத்தலைக் குழாயில் கட்டினாலும் இளகும். ஏணியில் ஏறவேண்டாம். கீழே சிந்திய தண்ணீர் உறைந்தால் வழுக்கும், உப்பைத் தூவுங்கள். பிறகு பொயிலரின் ரீசெற் பொத்தானை அமத்துங்கள்.

காஸ் மிச்சம் பிடிக்க ஹீற்றிங்கை நிற்பாட்டுவதைவிட நல்ல வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்தப்படும் பொயிலர்கள் வெளியேறும் புகையின் சூட்டையும் மீட்டு எடுக்கும் வகை. திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். பல வீடுகளில் ரேடியேற்றருக்குப் போகும் தண்ணீரை 75, 80 என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். சுடுதண்ணீர்த் தாங்கி இல்லாத கொம்பி பொயிலராக இருந்தால் அதை 60-க்கு இறக்குங்கள். அறை ஆறுதலாகச் சூடேறும், காஸ் குறையும். பனி கடுமையான நாளில் அறை 18-ஐ எட்டாவிட்டால் திரும்பக் கூட்டுங்கள். தாங்கி உள்ள வீடுகளில் இதைச் செய்யவேண்டாம்; தாங்கியின் தண்ணீர் 60 பாகையில் இருந்தால்தான் லெஜியனெல்லா கிருமி வளராது. தெர்மோஸ்டாற்றை 28-இல் வைத்தால் அறை விரைவாகச் சூடாகும் என்பதும் தவறு. அதே வேகத்தில்தான் ஏறும், பிறகு நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும்.

செற்றியை ரேடியேற்றரோடு ஒட்டிப் போடாதீர்கள். திரைச்சீலை அதன்மேல் தொங்கினால் சூடு யன்னல் கண்ணாடிக்குப் போகும். உடுப்பைக் காயப்போட்டு மூடாதீர்கள். அந்த ஈரம் சுவரில் பூஞ்சணமாக வரும், சுவாசப்பைக்கு ஆகாது. பாவிக்காத அறைகளில் ரேடியேற்றரின் இலக்கமிட்ட தலையைக் குறைத்து, பகலில் இருக்கும் அறையையும் படுக்கையறையையும் சூடாக வையுங்கள். எந்தக் குளிரிலும் காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காய வேண்டாம், கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றுப் பிரட்டல் என்று வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் குறைந்தால் சந்தேகியுங்கள். யன்னலைத் திறந்து வெளியேறி, 0800 111 999 என்ற காஸ் அவசர எண்ணுக்கு அழையுங்கள். காஸ் மணத்தாலும் அதே எண். பொயிலர் இருக்கும் அறையில் ஓர் அலாரம் கட்டாயம் மாட்டுங்கள். வாடகை வீட்டில் 2022 ஒக்ரோபர் முதல் அதை மாட்டிக் கொடுப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. வருடாந்தக் காஸ் பரிசோதனையும் பழுதான ஹீற்றிங்கைத் திருத்துவதும் அவர் பொறுப்பே. எழுத்தில் கேளுங்கள், நாளைக் குறித்து வையுங்கள்.

காசுக்கு வழி உண்டா என்று முன்வரிசையில் ஓர் ஐயா கேட்டார். உண்டு. ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு, 2025-இல் மாற்றிய விதிப்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆளின் வருட வருமானம் 35,000 பவுணுக்குள் இருந்தால், வீட்டுக்கு 200 அல்லது 300 பவுண் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவாக வரும். குறைந்த வருமானக்காரருக்கு மின்சாரக் கணக்கில் 150 பவுண் கழிவு தனியாக இருக்கிறது. பென்ஷன் கிரெடிற் என்ற உதவிக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்கள் நம்மிடம் பலர். அது கிடைத்தால் மற்றக் கதவுகளும் திறக்கும். காஸ், மின்சாரக் கம்பனிக்கு அழைத்து முன்னுரிமைச் சேவைப் பதிவில் பெயர் சேருங்கள், இலவசம்; மின்சாரம் போனால் உங்களை முதலில் கவனிப்பார்கள்.

இவற்றில் எதையும் ஆங்கிலம் தெரியாததால் விட்டுவிடவேண்டாம். ஜி.பி.யிலும் வைத்தியசாலையிலும் தேசிய சுகாதார சேவையின் 111 எண்ணிலும் மொழிபெயர்ப்பாளர் இலவசம். உங்கள் உரிமை அது. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். சலம் போவதில்லை என்பதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வீர்கள்? சொல்ல மாட்டீர்கள். அந்த ஒரு தகவலில்தான் உங்கள் கால்களின் கதி இருக்கும். தொலைபேசியில் ஆள் வந்ததும் "தமிழ் இன்ரப்பிரெற்றர் பிளீஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். லைனை வெட்டாதீர்கள், ஆள் வர ஒருசில நிமிடம் எடுக்கும்.